'கூகுள் டிரைவ்ல இருக்கே, போதாதா?': கம்ப்யூட்டர் ஃபைல்களைக் காப்பாற்றும் ஆன்லைன் பேக்கப்... எப்படி எடுப்பது? முழு விவரம்

கம்ப்யூட்டர் போனால் புதுசு வாங்கிக்கொள்ளலாம். தவணையில்கூட கிடைக்கும். ஆனால் அதற்குள் இருந்த மகளின் மஞ்சள் நீராட்டு விழா போட்டோ, ஐந்து வருடக் கடைக் கணக்கு, பாதி எழுதி வைத்திருந்த ஆய்வேடு? இதெல்லாம் எந்த ஷோரூமிலும் கிடைக்காது.

திருவண்ணாமலை - செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் மாதிரியான ஒரு பேரூராட்சியையே எடுத்துக்கொள்ளலாம். போட்டோ ஸ்டூடியோ, இ-சேவை மையம், டிடிபி கடை, நெல்லும் மல்லாட்டையும் வாங்கும் மண்டி, தனியார் பள்ளி என இப்படிப்பட்ட ஊர்களில் எங்கே போனாலும் மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மொத்தத் தொழிலும் அதற்குள்தான்.

பெரிய கம்பெனி என்றால் தனியாக ஐடி டிபார்ட்மென்ட் இருக்கும். இங்கே கடைக்காரர்தான் முதலாளி, கேஷியர், ஐடி டிபார்ட்மென்ட் எல்லாமே. அதனால் பேக்கப் என்ற வேலை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் ஆன் ஆகாத அந்த ஒரு நாள் வரைக்கும்.

ஆன்லைன் பேக்கப் என்றால் என்ன, கூகுள் டிரைவில் போட்டு வைப்பதும் அதுவும் ஒன்றா, நம்ம ஊர் நெட் வேகத்தில் இதெல்லாம் நடக்குமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காப்பி வேறு, பேக்கப் வேறு

ஒரு ஃபைலை இன்னொரு இடத்தில் போட்டு வைத்தால் அது காப்பி. ஒரிஜினலுக்கு என்ன நேர்ந்ததோ அது அந்தக் காப்பிக்கும் நேராமல் இருந்தால்தான் அது பேக்கப்.

உதாரணத்துக்கு, டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் போட்டு வைப்பது பலருக்கும் பழக்கம். சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டாகத் தெரிந்தாலும், பல கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க்தான். அது போனால் இரண்டும் சேர்ந்தே போகும். அது காப்பிதான், பேக்கப் இல்லை.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரே சம்பவத்தில் இரண்டும் போய்விடுமா?

'தனி ஹார்ட் டிஸ்க்குல போட்டு வச்சிருக்கேன், போதாதா?'

வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் நல்ல ஏற்பாடுதான். வேகமாக இருக்கும், மாதச் சந்தா கிடையாது, நெட் தேவையில்லை. கம்ப்யூட்டர் மட்டும் பழுதானால் அதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

சிக்கல் அது இருக்கும் இடம். பெரும்பாலும் அதே மேஜை டிராயரில்தான் இருக்கும். கடையில் திருட்டு நடந்தால் திருடன் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போகமாட்டான். தீ, மின்னல், வெள்ளம் எதுவும் டிராயரைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. மறுநாள் மாலை திருவண்ணாமலை மலை அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஏற்பட்ட மண்சரிவில் குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அப்படி ஒரு நேரத்தில் வீட்டை விட்டு ஓட வேண்டியவர்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தேடவும் கூடாது.

ஆன்லைன் பேக்கப் உதவுவது இங்கேதான். ஃபைல்களின் ஒரு பிரதி வேறு ஊரில், வேறு மாநிலத்தில், சில சமயம் வேறு நாட்டில் இருக்கும் சர்வரில் இருக்கும். கையில் எதுவும் எடுக்காமல் கிளம்பினாலும் பிரதி பத்திரமாக இருக்கும்.

'கூகுள் டிரைவ்ல இருக்கே?'

அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை அடிப்படையில் 'சிங்க்' சேவைகள். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரும் ஆன்லைனில் இருக்கும் ஃபோல்டரும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் வேலை. அதாவது அது ஒரு கண்ணாடி. இங்கே என்ன செய்தாலும் அங்கேயும் அதுவே தெரியும்.

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட்டால் ஆன்லைனிலும் அது அழிந்துவிடும். ஒரு எக்ஸெல் ஷீட்டில் தவறான கணக்கைப் போட்டு சேவ் செய்தால் ஆன்லைனிலும் அந்தத் தவறான கணக்குதான் இருக்கும்.

உடனே எல்லாம் போய்விடாது. அழித்தவை குப்பைத்தொட்டிக்குப் போகும். கூகுள் டிரைவில் அது 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் இருக்கும். தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் 30 நாள்தான். அதற்குள் கவனித்துவிட்டால் மீட்கலாம். ஆனால் மார்ச் மாதம் அழிந்த போன வருடக் கணக்கை யார் தேடப்போகிறார்கள்? ஜூலையில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் இல்லை என்றே தெரியும்.

செல்போனிலும் இதே கதைதான். 'இடம் நிரம்பிவிட்டது' என்று வந்ததும் கூகுள் போட்டோஸில் இருக்கும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பட்டனை அழுத்தினால் போனில் இருக்கும் படங்கள் நீங்கிவிடும். அதற்குப் பிறகு ஆன்லைனில் இருப்பதுதான் ஒரே பிரதி. இரண்டு இடத்தில் இருந்தது ஒரு இடம் ஆகிவிட்டது. பேக்கப் இருக்கிறது என்ற நிம்மதியில் பேக்கப்பையே இழந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு பிரச்னை, சத்தமில்லாமல் நின்றுபோவது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆண்ட்ராய்டு போனில் எடுக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இதற்குள் சேர்ந்துவிட்டது. குட் மார்னிங் படங்களே அந்த இடத்தை நிரப்பிவிடும். நிரம்பிய நாளிலிருந்து புதிய ஃபைல்கள் மேலே போகாது.

பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்

ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போவது விதி என்றால், ரான்சம்வேர் திட்டமிட்ட சதி. மின்னஞ்சலில் வரும் ஒரு இணைப்பு, திருட்டு சாஃப்ட்வேர், பழைய விண்டோஸில் இருக்கும் ஓட்டை என ஏதோ ஒரு வழியாக உள்ளே நுழைந்து எல்லா ஃபைல்களையும் ரகசியக் குறியீட்டால் பூட்டிவிடும். திறக்க வேண்டுமானால் கிரிப்டோ கரன்சியில் பணம் கட்டச் சொல்லும்.

2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறையைச் சேர்ந்த கம்ப்யூட்டர்களே இப்படித் தாக்கப்பட்டன. ஹேக்கர்கள் 1,950 டாலர் கேட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. தலைமைச் செயலகத்துக்கே இந்த நிலை என்றால், கிராக் செய்த சாஃப்ட்வேர் ஓடும் கம்ப்யூட்டர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. நோயாளிகள் பதிவு, லேப் ரிப்போர்ட் எல்லாம் நின்று, ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவும் பேப்பருமாக வேலை நடந்தது. பிறகு எப்படி மீண்டார்கள்? தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தகவல்கள் அனைத்தும் மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. காப்பாற்றியது, தாக்குதல் எட்டாத இடத்தில் இருந்த அந்த ஒரு பிரதி.

சிங்க் சேவை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். கம்ப்யூட்டரில் பூட்டப்பட்ட ஃபைல்கள் அப்படியே ஆன்லைனுக்கும் போய், நல்ல ஃபைல்களின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எப்போதும் சொருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும்.

ஆன்லைன் பேக்கப் சேவை எப்படி வேலை செய்கிறது?

பேக்பிளேஸ், ஐடிரைவ், ஆக்ரோனிஸ் போன்றவை பேக்கப்புக்கென்றே இருக்கும் சேவைகள். ஒரு சிறிய சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை தேர்ந்தெடுத்த எல்லா ஃபைல்களையும் மேலே ஏற்றும். இதற்குத்தான் நேரம் ஆகும். அதன் பிறகு புதிதாக வந்தவை, மாறியவை மட்டும் போகும். அதனால் தினசரி பேக்கப் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முக்கியமான வித்தியாசம் 'வெர்ஷன்'. ஃபைல் மாறும்போது பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்காது. பழைய வடிவத்தையும் தேதி வாரியாக வைத்திருக்கும். செவ்வாய்க்கிழமை ரான்சம்வேர் வந்தால் திங்கட்கிழமை எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பலாம்.

இந்தப் பழைய வடிவங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிலவற்றில் 30 நாள், சிலவற்றில் ஓராண்டு. பணம் கட்டும் முன்பு முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். எத்தனை ஜிபி என்பது அதற்கு அடுத்து.

ஃபைல்கள் கம்ப்யூட்டரை விட்டுக் கிளம்பும் முன்பே பூட்டப்பட்டுத்தான் போகும். விருப்பப்பட்டால் அந்தப் பூட்டுக்கான சாவியை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் வசதியும் சில சேவைகளில் உண்டு. அப்படி வைத்தால் கம்பெனிக்காரர்களாலும் ஃபைலைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் சாவியை மறந்துவிட்டால் அவர்களாலும் மீட்டுத் தர முடியாது. பாதுகாப்பு அதிகம், பொறுப்பும் அதிகம்.

பட்ஜெட் குறைவு என்றால் கூகுள், மைக்ரோசாஃப்ட் திட்டங்களையே பேக்கப் போலப் பயன்படுத்தலாம். கூகுளின் 100 ஜிபி திட்டம் இந்தியாவில் மாதம் 130 ரூபாய் என்ற அளவில் இருந்து வருகிறது. வாங்கும்போது அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு நிபந்தனை: சிங்க் ஆகும் ஃபோல்டரை நம்பாமல், மாதம் ஒருமுறை முக்கியமான ஃபைல்களை 'ஜிப்' செய்து, தேதியைப் பெயராக வைத்து, பிரவுசர் வழியாக நேரடியாக ஏற்ற வேண்டும். அப்போதுதான் கம்ப்யூட்டரில் அழிப்பது அதைப் பாதிக்காது.

நம்ம ஊர் நெட் வேகத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

பேக்கப்புக்குத் தேவை டவுன்லோடு வேகம் இல்லை, அப்லோடு வேகம். ஸ்பீடு டெஸ்ட் செய்யும்போது இரண்டாவதாக வரும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்டூடியோவிடம் ஒரு கல்யாணத்தின் போட்டோ, வீடியோ 100 ஜிபி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

• அப்லோடு வேகம் 40 எம்பிபிஎஸ்: சுமார் ஐந்தரை மணி நேரம்
• 20 எம்பிபிஎஸ்: சுமார் 11 மணி நேரம்
• 10 எம்பிபிஎஸ்: சுமார் 22 மணி நேரம்
• தினம் 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜ்: 50 நாள்

ஃபைபர் இணைப்பு இருந்தால் ராத்திரி கடை மூடும்போது கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. நல்ல பேக்கப் சாஃப்ட்வேர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். கம்ப்யூட்டர் தானாக 'ஸ்லீப்' மோடுக்குப் போகாதபடி மட்டும் அமைத்துவிட வேண்டும்.

மொபைல் டேட்டா மட்டும்தான் என்றால் எல்லாவற்றையும் ஏற்ற நினைப்பது வீண். எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை மட்டும் ஏற்றலாம். கணக்கு, கடிதம், கேள்வித்தாள், ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் சில ஜிபிக்குள் அடங்கிவிடும். இணையத்தில் மறுபடி கிடைக்கும் சினிமா, பாட்டு, சாஃப்ட்வேர் எதையும் ஏற்றத் தேவையில்லை.

டேலி, டிடிபி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

பேக்கப் ஆன் செய்துவிட்டோம் என்று நினைத்தவர்களே ஃபைலை இழப்பது இந்த இரண்டு இடங்களில்.

முதலாவது டேலி. ஒன்டிரைவ் பேக்கப்பை ஆன் செய்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற சில ஃபோல்டர்களைத்தான் அது எடுக்கும். டேலியின் கணக்கு ஃபைல்கள் வழக்கமாக வேறு ஃபோல்டரில் இருக்கும். அங்கே பேக்கப் போகாது. மொத்தக் கணக்கும் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள், அது ஒருநாளும் மேலே போயிருக்காது.

டேலியிலேயே இருக்கும் 'பேக்கப்' வசதியைப் பயன்படுத்தி, தினமும் கடை மூடும்முன் ஒரு தனி ஃபோல்டரில் சேமித்து, அந்த ஃபோல்டரை ஆன்லைன் பேக்கப்பில் சேர்ப்பதுதான் சரியான வழி. டேலி திறந்திருக்கும்போது அதன் ஃபைல்களை நேரடியாகக் காப்பி எடுத்தால், பாதி எழுதிய நிலையில் அவை மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இரண்டாவது தமிழ் டிடிபி. யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இன்னும் ஏராளம். ஊர்த் திருவிழா மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கவிதைத் தொகுப்பு எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஃபைலை மட்டும் பேக்கப் எடுத்து, எழுத்துருவை விட்டுவிட்டால் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது தமிழ் வராது. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பித் தெரியும்.

அதனால் மூன்றையும் சேர்த்தே வைக்க வேண்டும்: அசல் ஃபைல், அதில் பயன்படுத்திய எழுத்துரு, ஒரு பிடிஎஃப். நேரம் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி நான்காவதாக ஒரு பிரதி. பத்து வருடம் கழித்துத் திறப்பவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

சர்வரே எரிந்துபோனால்?

நியாயமான கேள்வி. 'கிளவுட்' என்று பெயர் இருந்தாலும் அது மேகத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் கம்ப்யூட்டர்தான் அது. அதுவும் எரியும்.

2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. வேறு இடத்தில் பிரதி வைக்காத பல வாடிக்கையாளர்கள் தங்கள் தகவல்களை நிரந்தரமாக இழந்தார்கள்.

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பரவியது. 600-க்கும் மேற்பட்ட அரசு ஆன்லைன் சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் தங்கள் வேலை ஃபைல்களைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்பகத்தில் இருந்த 858 டிபி தகவல் அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே அதற்கு ஒரு பேக்கப் இல்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாட்டில் நடந்தது இது.

இதனால்தான் ஒரே இடத்தை நம்ப வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய '3-2-1' விதி இன்றும் பேக்கப்பின் பாலபாடம். 3 பிரதிகள், 2 வகையான சாதனங்களில், அதில் 1 வெளியூரில்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு கடைக்கு இதை எப்படிப் பொருத்துவது? கம்ப்யூட்டரில் இருப்பது முதல் பிரதி. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது இரண்டாவது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி, கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். ஆன்லைனில் இருப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே நாளில் போக வேண்டுமானால் மூன்று தனித்தனி விபத்து சேர்ந்து நடக்க வேண்டும்.

பாஸ்வேர்டு போனால் பேக்கப்பும் போச்சு

ஃபைல் பத்திரமாக இருந்தும் உள்ளே போக முடியாவிட்டால் அது இல்லாததற்குச் சமம். இதில் கவனிக்க வேண்டியவை:

• ஓடிபி வரும் நம்பர்: ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்ட சிம் துண்டிக்கப்பட்டு, அந்த நம்பர் வேறொருவருக்குப் போய்விடும். பேக்கப் கணக்கில் இருப்பது இப்போது கையில் இருக்கும் நம்பர்தானா என்று பார்க்க வேண்டும்.

• மீட்புக் குறியீடுகள்: இரண்டடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்யும்போது 'பேக்கப் கோடு' என்று சில எண்களைத் தருவார்கள். பேப்பரில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்துவிடலாம். போன் தொலைந்தால் அதுதான் சாவி.

• 2 ஆண்டு விதி: 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கூகுள் கணக்குகளை, அதில் உள்ள எல்லாவற்றோடும் நீக்கும் நடைமுறையை அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கியது. பேக்கப்புக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்து மறந்துவிட்டவர்கள் அவ்வப்போது உள்ளே போய் வர வேண்டும்.

• வீட்டில் இன்னொருவர்: கணக்கு வைத்திருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்தினர் என்ன செய்வார்கள்? கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற வசதி உண்டு. குறிப்பிட்ட காலம் கணக்கு செயல்படாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்பே பதிவு செய்துவைக்கலாம்.

எல்லாவற்றையும் பேக்கப் எடுக்கலாமா?

கூடாது. இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ கம்ப்யூட்டர்களில் வாடிக்கையாளர்களின் ஆதார், பான் கார்டு, வங்கிப் புத்தக ஸ்கேன்கள் குவிந்து கிடக்கும். வேலை முடிந்ததும் அவற்றை அழிப்பதுதான் முறை. அடுத்தவருடைய ஆதாரை நம் பேக்கப்பில் ஏற்றி வைத்தால், அந்தக் கணக்கு ஒருநாள் ஹேக் ஆனால் ஊரில் பாதிப் பேருக்குச் சிக்கல். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென 2023-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. பேக்கப் ஆன் செய்யும்முன் ஒருமுறை வீட்டைக் கூட்டிப் பெருக்குவது நல்லது.

திரும்ப எடுத்துப் பார்க்காத வரை அது பேக்கப் இல்லை

'பேக்கப் கம்ப்ளீட்' என்று பச்சை நிறத்தில் டிக் வந்துவிட்டதா? சந்தோஷம். ஆனால் திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா? பேக்கப்பின் மறுபாதியான 'ரீஸ்டோர்' என்பது இதுதான். பலரும் இதைச் செய்வதே இல்லை.

இந்த மறுபாதியைத் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். கோயில் சுவர்தான் அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகம். யார் எவ்வளவு நிலம் விட்டார்கள், விளக்கு எரிக்க எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கும். கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடி கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில் முடிவானது. சுவரை இடித்தால் கல்வெட்டுகளும் போய்விடும். அதனால் இடிக்கும்முன் அவற்றையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்க உத்தரவானது. கோயில் எழுந்த பிறகு, ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் ஆட்சியில், அந்தப் படியைப் பார்த்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். இதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது.

படியெடுத்ததோடு நின்றிருந்தால் அது பாதி வேலை. திரும்பச் சுவரில் ஏறியதால்தான் அந்தத் தகவல் இன்றுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆன்லைன் பேக்கப்பிலும் அதே கணக்குதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை, வேறொரு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ டவுன்லோடு செய்து திறந்து பார்க்க வேண்டும். போட்டோ தெளிவாகத் தெரிகிறதா, தமிழ் எழுத்து சரியாக வருகிறதா, டேலி ஃபைல் டேலியில் திறக்கிறதா? இந்த மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால்தான் நிம்மதி.

மொத்தமாக மீட்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் இப்போதே தெரிந்துவிடும். 500 ஜிபியைத் திரும்ப இறக்க நாள்கணக்கில் ஆகும் என்றால், அவசரத்துக்கு வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும் என்பது புரிந்துவிடும்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியவை

1. போனால் திரும்பக் கிடைக்காத ஃபைல்கள் எவை என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். அவை எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள்.
2. அவற்றை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி, வேறு இடத்தில் வையுங்கள்.
3. அப்லோடு வேகத்தைப் பாருங்கள். பழைய வடிவங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.
4. எழுதிய பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் பேக்கப்பில் சேர்ந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். குறிப்பாக டேலியும் எழுத்துருக்களும்.
5. இரண்டடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்து, மீட்புக் குறியீடுகளைப் பேப்பரில் எழுதுங்கள்.
6. ஒரே ஒரு ஃபைலைத் திரும்ப இறக்கித் திறந்து பாருங்கள்.

ஏற்கெனவே ரான்சம்வேரில் மாட்டியவர்கள் உடனே நெட் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எதையும் அதில் சொருகக் கூடாது. பணம் கட்டினாலும் ஃபைல் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் அளிக்கலாம்.